கொக்கிப்புழுவைக் கண்டறியும் புது முறை



திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையை ஒட்டியது வீரபாண்டி. இன்று அது திருப்பூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. சோளமும் பருத்தியும் விளைந்த மேட்டு நிலங்களில் இப்பொழுது பனியன் கம்பெனிகளும், அவற்றில் வேலை செய்வோர் குடியிருக்கும் லைன் வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. இவ்வட்டாரத்துப் பள்ளிகளிலேயே என் ஆசிரிய வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. 2011-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டு, அதன் வழியாகவே இன்றைய பேச்சின் பொருளுக்கு வருகிறேன்.

அவ்வகுப்பில் ஒரு பெண். பெற்றோர் ஜவ்வாது மலையிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். தகப்பனாருக்குச் சுமை தூக்கும் வேலை. தாயாருக்குப் பனியன் துணியில் பிசிர் வெட்டும் வேலை. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு மலைக்குச் சென்று, நாலைந்து வாரம் கழித்துத் திரும்புவார்கள். இந்தப் பெண் காலை முதல் பாடவேளையிலேயே கண் அயர்வாள். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியலைப் பாடமாகப் படித்துத் தேறியவன் நான். ஆயினும், இது சோம்பல் என்று எளிதாக முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றவள் சிறிது நேரத்தில் மயங்கிச் சரிந்தாள்.

மருத்துவர் அவளுடைய கீழ் இமையை இறக்கிப் பார்த்தார், வெளுத்திருந்தது. குருதியில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்கவேண்டிய வயதில் 8 கிராமே இருந்தது. குடலில் புழு இருக்கலாம் என ஐயுற்று மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். “முட்டைகள் காணப்படவில்லை” என்று முடிவு வந்தது. அவர் அதனோடு விடவில்லை. அடுத்த இரண்டு நாட்களும் மாதிரி கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் நாள் மாதிரியில் கொக்கிப்புழுவின் முட்டை தென்பட்டது. தாயாரையும் சோதித்தபோது அவருக்கும் இருந்தது. முதல் நாள் இல்லாத முட்டை மூன்றாம் நாள் எங்கிருந்து வந்தது என்று மருத்துவரை வினவினேன். “முதல் நாளும் இருந்தது, நாம்தான் காணவில்லை” என்றார். புழு மட்டுமே காரணமன்று, உணவில் இரும்புச் சத்து குறைவு, வளரும் வயது, மாதவிலக்கு ஆகியவற்றோடு புழுவும் சேர்ந்துகொண்டது என்றும் விளக்கினார்.

இருக்கின்ற புழுவை இல்லை என்று சொல்லும் சோதனை ஒரு பெண்ணுக்குச் செய்யும் தீங்கை அன்று கண்டேன். அதே சோதனையை நம்பி ஒரு மாவட்டமே முடிவெடுத்தால் என்னவாகும் என்பது பின்னரே என் சிந்தனைக்கு எட்டியது.

மண்ணின் வழியாகப் பரவும் குடற்புழுக்களில் முக்கியமானவை உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு என்பன. உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களுக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று உண்டென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. முதல் இரண்டின் முட்டைகள் அழுக்குக் கையாலும் கழுவாத காய்கறியாலும் வாய்வழியே உட்செல்வன. கொக்கிப்புழுவின் வழி வேறு. மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை, நிழலும் ஈரமும் வெம்மையும் உள்ள இடத்தில் ஓரிரு நாளில் பொரிக்கிறது. அதிலிருந்து வரும் இளம்புழு ஐந்து முதல் பத்து நாட்களில் முதிர்ந்து, மிதிக்கும் வெறுங்காலுக்காகக் காத்திருக்கிறது. தோலைத் துளைத்து இரத்தக் குழாயில் புகுந்து, இதயம் வழியாக நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்கு வந்து சேருகிறது.

இவ்வளவு சுற்றுவழி இருக்குமென்று யாரும் எண்ணவில்லை. கெய்ரோ நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, 1890களின் இறுதியில், இளம்புழுக்கள் நிறைந்த நீரைத் தவறுதலாகத் தம் கையில் சிந்திக்கொண்டார். அவ்விடத்தில் அரிப்பும் சிவப்பும் தோன்றின. சில வாரங்கள் கழித்துத் தம் மலத்தையே சோதித்தார். கொக்கிப்புழுவின் முட்டைகள் இருந்தன. வாயில் ஒன்றும் போடாமலே நோய் வந்துவிட்டது! வேறொருவராயின் கையைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்.

புழுவின் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். குடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் ‘நெக்கேட்டர் அமெரிக்கானஸ்’ என்னும் இனத்தில் ஒரு புழுவால் நாளொன்றுக்கு இழக்கும் இரத்தம் ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர். ‘நெக்கேட்டர்’ என்றால் இலத்தீன் மொழியில் கொலைஞன். கொலைஞன் என்பதற்கு இது மிக அற்பமான அளவு என நீங்கள் நினைக்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். நூறு புழுக்களுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர். மாதத்துக்கு 90 மில்லிலிட்டர். தேநீர்க் கடையின் சிறு கோப்பை நிறைய இரத்தம். அதனோடு போகும் இரும்புச் சத்தைச் சோற்றையும் ரசத்தையும் மட்டுமே உண்ணும் ஒரு பெண் எவ்வாறு ஈடு செய்வாள்?

இந்நோயைப் பற்றிய அறிவு நம் நாட்டிற்குப் புதிதன்று. 1920களில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையினர் சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை மேற்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய்க்கு வழங்கிய மருந்துகளுள் ஒன்று தைமால். அது நம் வீட்டு ஓமத்திலிருந்து எடுக்கப்பட்டது. (இதைக் கேட்டு, ஓமத் தண்ணீர் குடித்தால் போதும் என்று எவரும் இருந்துவிட வேண்டா. பிரித்தெடுத்த தைமாலையே பெரும் அளவில் கொடுத்தார்கள். அதனால் விளைந்த தீங்குகளும் உண்டு.) இன்று அல்பெண்டசோல் என்னும் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதுமானதாக இருக்கிறது. விலை மிகக் குறைவு; அபாயமும் மிகக் குறைவு. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தப்பட்டு, ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இம்மாத்திரை கொடுக்கப்படுகிறது. ஓய்வு பெறும் வரையில் என் பள்ளியிலும் நானே முன்னின்று கொடுத்திருக்கிறேன். விழுங்காமல் கன்னத்தில் அடக்கிவைத்துச் சன்னலுக்கு வெளியே துப்பும் சிறுவர்களைப் பிடிப்பதில் தேர்ச்சியும் பெற்றேன்.

எல்லாருக்கும் மாத்திரை கொடுக்கும்போது சோதனை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வொரு குழந்தைக்கும் சோதனை தேவையில்லைதான். மாத்திரையைவிடச் சோதனைக்குச் செலவு பன்மடங்கு. ஆனால் ஓர் ஊரில் ஆண்டுக்கு ஒரு முறை கொடுப்பதா, இரு முறை கொடுப்பதா, எப்பொழுது நிறுத்துவது என்பதை அங்கே எத்தனை பேருக்குப் புழு இருக்கிறது என்று அறிந்தே தீர்மானிக்க வேண்டும். நூற்றுக்கு இருபது குழந்தைகளுக்கு இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை, ஐம்பதைத் தாண்டினால் இரு முறை என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவு. எண்ணிக்கை பிழையானால் முடிவும் பிழையாகும்.

எண்ணும் முறையைப் பார்ப்போம். சாதாரண ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பது சுமார் 2 மில்லிகிராம் மலம். ஓர் அரிசி மணியின் பத்தில் ஒரு பங்கு எடை. கள ஆய்வுகளில் கையாளப்படுவது ‘கேட்டோ-கட்ஸ்’ முறை. ஜப்பானியராகிய கேட்டோ 1954-இல் வகுத்ததை, பிரேசில் நாட்டினராகிய கட்ஸ் 1972-இல் திருத்தி அமைத்தார். சல்லடையில் தேய்த்த மலத்தை ஒரு துளையுள்ள அட்டையில் நிரப்பினால் 41.7 மில்லிகிராம் கிடைக்கும். அதன்மேல் கிளிசரினில் ஊறிய தாளை ஒட்டி, நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணி 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு இத்தனை என விடை வரும். எளிய, மலிவான, பாராட்டத்தக்க முறை. ஆனால் கொக்கிப்புழுவின் முட்டை ஓடு மெல்லியது. தகட்டை ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்துவிட்டால், கிளிசரின் அம்முட்டையைக் கண்ணுக்குத் தெரியாதபடி தெளிவாக்கிவிடும். பரிசோதகர் தேநீர் அருந்தச் சென்று தாமதித்தால் நோயாளி நோயற்றவராகிவிடுவார்!

காலம் தவறாமல் பார்த்தாலும் கணக்கு வேறொன்று சொல்கிறது. ஒரு பெண் புழு நாளொன்றுக்குப் பத்தாயிரம் முட்டை வரை இடும். மலத்தின் எடை 200 கிராம் என்று கொண்டால் கிராமுக்கு 50 முட்டை. 41.7 மில்லிகிராமில் சராசரி இரண்டே முட்டை. இரண்டு மில்லிகிராமிலோ பத்துத் தகடுகளுக்கு ஒன்று. மேலும், முட்டைகள் சோற்றில் உப்புப்போல் ஒரே சீராகக் கலந்திருப்பதில்லை. ஒரு மூலையில் ஐந்தும் மற்றொரு மூலையில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். என் மாணவியின் முதல் நாள் முடிவு அவ்வாறு வந்ததே. நோய் மலிந்த ஊரில் இக்குறை பெரிதாகத் தெரியாது. மாத்திரை கொடுத்துக் கொடுத்துப் புழு குறையக் குறைய, எஞ்சியிருப்பவை இலேசான தொற்றுகளே. அவற்றைத்தான் நுண்ணோக்கி தவறவிடுகிறது. வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது என்னும் கட்டத்தில்தான் நம் அளவுகோல் பொய் சொல்லத் தொடங்குகிறது.

இங்கேதான் மூலக்கூறுச் சோதனை வருகிறது. 2020-இல் கொரோனா பரவிய போது பி.சி.ஆர். என்னும் மூன்றெழுத்தைக் கேளாதவர் இல்லை. அதே முறைதான் இதுவும். கொரோனாக் கிருமியில் ஆர்.என்.ஏ. இருந்ததால் முதலில் அதை டி.என்.ஏ.வாக மாற்ற வேண்டியிருந்தது. புழுவிலோ டி.என்.ஏ.வே இருக்கிறது. முட்டையைத் தேடாமல், முட்டைக்குள் எழுதப்பட்டுள்ள எழுத்தைத் தேடுவது இம்முறை என்று கொள்ளுங்கள்.

மலத்தைச் சிறு மணிகளோடு சேர்த்து வேகமாகக் குலுக்கி, முட்டை ஓடுகளை உடைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். டி.என்.ஏ. என்பது முறுக்கிய இரட்டைப் புரி நூல். பனியன் நூலோடு பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதை 95 பாகை அளவுக்குச் சூடாக்கினால் இரு புரிகளும் பிரியும். சற்று ஆறவிட்டால், கொக்கிப்புழுவின் எழுத்துத் தொடருக்கு மட்டுமே பொருந்துமாறு செய்துவைத்த சிறு துண்டுகள் அப்புரிகளில் போய் ஒட்டும். ஒட்டிய இடத்திலிருந்து ஒரு நொதி மறுபுரியைக் கட்டி முடிக்கும். ஒன்று இரண்டாயிற்று. மீண்டும் சூடு, மீண்டும் ஆறுதல், இரண்டு நான்காயிற்று. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொன்ன புலவனின் கதையை நீங்கள் அறிவீர்கள். முப்பது சுற்று முடிந்ததும் ஒரே ஒரு துண்டு 1,07,37,41,824 துண்டுகளாகிவிடும். ஒவ்வொரு முறை கட்டப்படும்போதும் ஒளிரும் ஒரு பொருளையும் சேர்த்துவிட்டால், எத்தனையாவது சுற்றில் ஒளி புலப்படுகிறது என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். முன்னரே ஒளிர்ந்தால் புழு மிகுதி. பிந்தி ஒளிர்ந்தால் குறைவு. இம்முறையை 1983-இல் கருதியவர் அமெரிக்கராகிய கேரி முல்லிஸ். பத்து ஆண்டுகளில் நோபல் பரிசும் பெற்றார். கொதிநிலையை நெருங்கிய வெப்பத்திலும் கெடாத அந்த நொதியை அளித்ததோ, யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் 1960களில் தாமஸ் பிராக் கண்டறிந்த ஒரு பாக்டீரியா. வெந்நீரில் என்ன உயிர் வாழும் என்று பார்க்கப் போனவர் அவர். புழுவையோ நோயையோ கனவிலும் கருதியவரல்லர்.

சோதனையின் கூர்மையை மேலும் மிகுதியாக்க ஒரு யுக்தி உண்டு. புழுவின் மரபுத் தொகுதியில் சில எழுத்துத் தொடர்கள் பலமுறை திரும்பத் திரும்ப வரும், பாட்டில் பல்லவிபோல. பல்லவியைத் தேடினால் பாட்டு எளிதில் அகப்படும் அல்லவா? அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் இவ்வகைத் தொடர்களைக் கொண்டே குடற்புழுச் சோதனைகளை அமைத்துக் காட்டினர்.

இனி ஜவ்வாது மலைக்கு வருவோம். என் மாணவியின் சொந்த ஊர்ப்பக்கமே இவ்வகையில் உலகம் கவனிக்கும் இடமானது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஜவ்வாது மலையிலும், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த திமிரியிலும் 2017-இல் பெரியதோர் ஆய்வைத் தொடங்கினர். ‘டீவார்ம்-3’ என்பது அதன் பெயர். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி ஆகிய நாடுகளிலும் அதே ஆய்வு நடந்தது. ஒவ்வொரு நாட்டிலும் மக்களை நாற்பது தொகுதிகளாகப் பிரித்தனர். இருபது தொகுதிகளில் வழக்கம்போலப் பள்ளி வழியாகக் குழந்தைகளுக்கு மாத்திரை. மற்ற இருபதில் குழந்தை முதல் கிழவர் வரை அனைவருக்கும், ஆண்டுக்கு இரு முறை, மூன்று ஆண்டுகள். கடைசி மாத்திரைக்குப் பின் இருபத்து நான்கு மாதம் பொறுத்து, மூலக்கூறுச் சோதனையால் அளந்து, நூற்றுக்கு இரண்டு பேருக்கோ அதற்குக் குறைவாகவோ புழு இருந்தால் அத்தொகுதியில் பரவல் அறுந்தது என்று கொள்வது திட்டம்.

ஏன் பூச்சியம் என்று சொல்லாமல் இரண்டு என்றார்கள்? கொக்கிப்புழுவில் ஆணும் பெண்ணும் வேறு. புழுக்கள் மிக அருகிவிட்டால், ஒருவர் குடலில் ஆண் தனியாகவும் மற்றொருவர் குடலில் பெண் தனியாகவும் கிடக்கும். துணையில்லாத பெண்ணுக்குக் கருவுற்ற முட்டை இல்லை. அந்நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் மிச்சத்தை நாம் துரத்த வேண்டியதில்லை, தானே மறையும். ஆனால் நூற்றில் இரண்டையும் ஆறையும் வேறுபடுத்திக் காட்டும் அளவுகோல் வேண்டும். நுண்ணோக்கியை மட்டும் நம்பி, ஆறு இருக்கும்போது ஒன்றென்று கண்டு மாத்திரையை நிறுத்திவிட்டால், சில ஆண்டுகளில் புழு பழைய இடத்துக்கே திரும்பும்.

மாத்திரை கொடுப்பதற்கு முன் நடத்திய முதல் கணக்கெடுப்பிலேயே கவனிக்கத்தக்க செய்தி கிடைத்தது. அங்கே காணப்பட்டது பெரும்பாலும் கொக்கிப்புழுவே. சமவெளியைவிட மலையில் அதிகம். குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கே அதிகம். பள்ளியில் படிப்பவனுக்கு மாத்திரை கொடுக்கிறோம். அவனுடைய தாய் தந்தையர் காட்டிலும் வயலிலும் வெறுங்காலோடு நடந்து புழுவைச் சுமக்கிறார்கள். மண்ணில் முட்டை குறையாதபோது, சிறுவனுக்கு மீண்டும் புழு தொற்றுகிறது. எத்தனை ஆண்டுகள் என் பள்ளியிலிருந்து மாத்திரை விநியோகம் நூற்றுக்கு நூறு என்று நிறைவோடு அறிக்கை எழுதி அனுப்பினேன் என்பதை எண்ணிப் பார்த்தேன். அந்த நூற்றில் என் மாணவியின் தாயார் இல்லை.

இச்சோதனை மற்றொன்றையும் பிரித்துக் காட்டும். கொக்கிப்புழு இனங்களின் முட்டைகள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். எழுத்தைப் படித்தால் இனம் தெரியும். ஜவ்வாது மலையில் மனிதர், நாய், மண் ஆகிய மூன்றிலிருந்தும் மாதிரி எடுத்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரிடம் நெக்கேட்டரும், நாய்களிடம் வேறு இனங்களும் மிகுதியாக இருந்தன. மனிதருள் சிலருடைய மாதிரிகளில் நாய்ப்புழுவின் தடயமும் காணப்பட்டது. தெருநாயையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்னும் வினாவை நுண்ணோக்கியால் எழுப்பவே முடியாது. இன்னுமொன்று: ஆடு வளர்ப்போர் அறிவர், ஒரே பூச்சி மருந்தை ஆண்டாண்டாய்க் கொடுத்தால் ஒரு கட்டத்தில் புழு சாகாது. ஆட்டுப் புழுக்களில் அம்மாற்றம் எந்த மரபணுவில் எந்த எழுத்தில் நிகழ்கிறது என்பது தெரிந்துள்ளது. மனிதப் புழுவிலும் அவ்வெழுத்து மாறத் தொடங்குகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்லவேண்டும். மாதிரியைக் குளிரில் பாதுகாத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கருவிகளும் இரசாயனங்களும் விலை மிக்கவை. மலத்திலுள்ள சில பொருள்கள் நொதியின் வேலையைத் தடுக்கும். அதற்காகவே அறிந்த அளவு வேறு டி.என்.ஏ. ஒன்றையும் சேர்த்து, அது பெருகுகிறதா என்று சரிபார்க்கிறார்கள். உயிரோடுள்ள முட்டையின் எழுத்தும் செத்த முட்டையின் எழுத்தும் இச்சோதனைக்கு ஒன்றே. ஆகவே தனிநோயாளிக்கு அன்று, ஓர் ஊரின் நிலையை அறியவே இது ஏற்றது.

வீரபாண்டியின் மண் ஜவ்வாது மலையின் மண்போல ஈரமானதன்று. வெயிலில் காய்ந்த மேட்டு நிலத்தில் இளம்புழு நீடிக்காது. ஆனால் குடலில் தங்கிய புழு சில ஆண்டுகள் உயிர்வாழும். மலையிலிருந்தும், வட மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தோர் ஊருக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்போது, கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நீங்கலாக, இருபது முதல் முப்பது வயதுப் பெண்களுக்கும் குடற்புழு மாத்திரை வழங்குகிறார்கள். நல்ல முன்னேற்றம். ஆண்களும், முப்பதைக் கடந்த பெண்களும் பட்டியலில் இல்லை.

அண்மையில் ஒரு குடற்புழு நீக்க நாளன்று அங்கன்வாடிப் பக்கம் போயிருந்தேன். என்னை நிற்க வைத்து வணங்கினாள் ஒரு பெண். ஒன்பதாம் வகுப்பில் மயங்கி விழுந்தவள்; இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தன் மகளுக்கு மாத்திரை வாங்க வந்திருந்தாள், அவளுக்கும் கொடுத்தார்கள். விழுங்கிவிட்டு, “எங்க வீட்டுக்காரருக்கு இல்லீங்களா சார்? எங்க அம்மாவுக்கு?” என்று கேட்டாள். அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். கம்பெனி விடுவது இரவு எட்டரை மணிக்கு என்றாள். அவர்கள் இருவர் பெயரையும் வயதையும் ஒரு தாளில் எழுதி, சுகாதாரச் செவிலியரிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.